துணைவேந்தரின் அங்கி

நகத்தால் சுரண்டினால் வந்துவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். வந்தது. பசை அல்ல, நகம்.

விரலை வாயில் வைத்துக்கொண்டு அங்கியை முறைத்தாள். கறுப்பு அங்கி. பட்டம் வாங்கியவர்கள் போட்டோவுக்குப் போட்டுக்கொள்ளும் அங்கி. அதன் இடப்பக்க மார்பில், உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்துபோன பசை பளபளத்தது. குண்டு நத்தை ஒன்று ராத்திரி முழுக்க அங்கேயே உலாவிவிட்டுப் போனதுபோல இருந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு குடும்பம் வரப்போகிறது. பட்டம் வாங்கிய பெண், அவளைப் பெற்றவர்கள். அந்தப் பெண் போட்டுக்கொள்ள ஸ்டுடியோவில் இருப்பது இந்த ஒரே ஒரு அங்கிதான்.

ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயர் டிகிரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. முதலாளி அதைக் கேட்டதே இல்லை. குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவள் என்று தெரிந்ததும், "அப்ப டிகிரின்னே கூப்பிடறேன், மரியாதையா இருக்கும்" என்றார். மரியாதையாகத்தான் இருந்தது. டிகிரி, தரையைக் கூட்டு. டிகிரி, ஆல்பத்துக்குப் பசை தடவு. டிகிரி, அந்தக் குழந்தை நாற்காலியை நனைச்சிடுச்சு, என்னன்னு பாரு.

கேமராவை மட்டும் தொடக்கூடாது. "அது கலை. உனக்குப் பசை நல்லா வருது, அதைப் பாரு."

பசை நல்லா வருகிறது என்று ஒரு மனிதர் ஒரு பட்டதாரியைப் பார்த்துச் சொல்லலாம். சட்டத்தில் அதற்குத் தண்டனை இல்லை. இருக்க வேண்டும்.

ஆனால் நேற்று சாயங்காலம் அதிசயம் நடந்தது. முதலாளிக்கு வெளியூரில் ஒரு கல்யாணம் எடுக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது அவளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்தக் குடும்பம் வருது. நான் வந்து சேர மத்தியானத்துக்கு மேல ஆயிடும். நீயே எடு."

"நானா சார்?"

"நல்லா வந்துச்சுன்னா இனிமே ஸ்டுடியோ உள்ள எடுக்கிற படமெல்லாம் நீதான். ஆனா ஒரு குறை, ஒரே ஒரு குறை என் காதுல விழுந்துச்சு, ஆயுசுக்கும் பசைதான். சொல்லிட்டேன்."

அவர் தலை மறைந்ததும் அவள் ஒத்திகையில் இறங்கினாள். நாற்காலியின் முதுகில் அங்கியை மாட்டி, மேலே சதுரத் தொப்பியை வைத்து, அதுதான் பட்டதாரி என்று வைத்துக்கொண்டாள். தொப்பியின் குஞ்சம் கழன்று தொங்கியது. பசை போட்டு ஒட்டி, புட்டியைத் திறந்தபடியே நாற்காலிக் கையில் வைத்தாள். அப்புறம் கேமராவைத் தூக்கிக்கொண்டு இப்படிப் போனாள், அப்படி வந்தாள். முழங்கை எதிலோ இடித்தது. யார் கவனித்தார்கள்? கேமரா வழியே பார்த்தபோது அங்கியின் இடப்பக்கம் ஏதோ மினுமினுத்தது. 'ஆஹா, வெளிச்சம் என்ன அழகா விழுது' என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் விளக்கைப் போடாதபோதும் அந்த வெளிச்சம் அங்கேயே இருந்தது.

வேறு எந்தத் துணியாக இருந்தாலும் அவள் இவ்வளவு பதறியிருக்கமாட்டாள். இந்த அங்கிக்கு ஒரு வரலாறு இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி அதை ஒரே குரலில், ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்வார்.

"இது கடையில வாங்கினது இல்லைங்க. ஒரு துணைவேந்தர் போட்டிருந்தது. ஓய்வு பெற்ற அன்னிக்கு என் ரெண்டு கையையும் பிடிச்சு, 'இது உன்கிட்டதான் இருக்கணும்'னு கொடுத்தார். காலர்ல பாருங்க, பழுப்பாப் புள்ளி புள்ளியா இருக்கே, என்ன அது? அவர் பேனா மைங்க! எத்தனை பேரோட பட்டத்துல கையெழுத்துப் போட்ட மை!"

அங்கியின் கழுத்தில் கிர்ரென்று பிரிகிற ஒட்டுப்பட்டை இருந்தது. அது வெளிநாட்டு முறையாம். கை கழுவாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. மற்ற துணிகளெல்லாம் ஆணியில் தொங்க, அது மட்டும் கண்ணாடி அலமாரியில் தொங்கும். அலமாரிக்கு மேலே, அதே அங்கியில் முதலாளியின் பெரிய படம். என்ன படித்தார் என்று கேட்டால், "அனுபவம்" என்பார்.

டிகிரியும் அதைப் போட்டிருக்கிறாள். அவளுடைய பட்டம் தபாலில் வந்தது. விழா நடந்த அன்று அவள் ஒரு துணிக்கடையில் சட்டைகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள், லீவு கொடுக்கவில்லை. அம்மாதான் இந்த ஸ்டுடியோவுக்கு இழுத்துவந்தாள். அங்கியைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தபோது, 'இங்கே ஆள் வேணும்' என்ற அட்டையும் சேர்ந்து கண்ணில் பட்டது. அப்படி வந்ததுதான் இந்த வேலை. படம் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அம்மா தினமும் அதைத் துடைக்கிறாள். வருகிறவர்களிடம் "துணைவேந்தர் போட்ட அங்கி" என்று சொல்லவும் தவறுவதில்லை.

அப்பேர்ப்பட்ட அங்கியில் பசை.

போனில் தேடினாள். ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: துணியைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும். ஒரு ராத்திரிக்கு எங்கே போவது? அவசரக்காரர்களுக்கு என்று அந்த அம்மாள் இன்னொரு வழியும் வைத்திருந்தாள். ஐஸ் கட்டி. பசை விறைத்து, அப்பளம்போல உதிர்ந்துவிடுமாம்.

ஐஸ் பக்கத்து ஜூஸ் கடையில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல முடியாது. அந்த வரிசையில் ஒரு கடையில் தும்மினால் கடைசிக் கடையில் மூக்கைத் துடைப்பார்கள். முதலாளி ஊர் திரும்புவதற்குள் செய்தி கல்யாண மண்டபத்துக்கே போய்விடும்.

"அண்ணே, கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?"

"எதுக்கும்மா?"

"கால்... கால் பிசகிடுச்சுண்ணே."

சொன்னதுதான் தாமதம், மனிதர் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார்.

"எந்தக் கால்? காட்டு. உக்காரு, உக்காரு! நிக்காதே! வீங்கியிருக்கே!"

வீங்கவில்லை. அவளுடைய கால் எப்போதும் அப்படித்தான். ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை. அவர் ஐஸைத் துணியில் கட்டி, கணுக்காலில் இறுக்கிச் சுற்றி, முடிச்சும் போட்டுவிட்டார்.

"அசைக்காம வெச்சுக்க. நான் நடுவுல வந்து பாக்கறேன்."

"வேண்டாம்ணே!"

"சும்மா இரு. நீயும் என் தங்கச்சி மாதிரிதான்."

அவள் ஸ்டுடியோ வாசல்வரை நொண்டிக்கொண்டே போனாள். உள்ளே போய் முடிச்சை அவிழ்த்து, பாதி உருகியிருந்த ஐஸைப் பசைமேல் வைத்து அழுத்தினாள். அந்த அம்மாள் சொன்னது பொய்யில்லை. பசை விறைத்தது, விரிசல் விட்டது. ஸ்கேலால் ஒரு தட்டுத் தட்டியதும் மேல்தோல் பொரிப்பொரியாக உதிர்ந்தது. உற்சாகத்தில் ஸ்கேலை வைத்து அழுத்தித் தேய்த்தாள். பசையின் அடிப்பாகம் நூலோடு உறவு கொண்டாடியிருந்தது. அது வந்தபோது நூலையும் கூட்டிக்கொண்டு வந்தது. உதிராததெல்லாம் ஈரத்தில் குழைந்து நாலா பக்கமும் இழுபட்டது.

முதலில் ஒரு நத்தைதான் போயிருந்தது. இப்போது அதன் சொந்தபந்தமெல்லாம் வந்து போயிருந்தது.

அடுத்தது பார்லர். ஸ்டுடியோவின் பின்கதவைத் திறந்தால் ஒரு சின்ன முற்றம், அதைத் தாண்டினால் பார்லரின் பின்கதவு. முற்றத்தின் கொடியில் பார்லர் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கறுப்பாக நீளநீளமாக ஏதேதோ. ஈரத்தோடு அவள் முகத்தில் சளார் சளாரென்று அறைந்தன. எரிச்சலோடு தள்ளிவிட்டுக்கொண்டே போய்க் கதவைத் தட்டினாள்.

பார்லர் அக்கா கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் நீட்டினார். கையுறை முழுக்கத் தலைச்சாயம்.

"என்னடி, கஸ்டமர் உக்காந்திருக்காங்க, சீக்கிரம் சொல்லு."

"அக்கா, துணியில பசை காஞ்சுபோச்சு. நெயில் பாலிஷ் எடுக்கிற மருந்து போட்டா போகுமா?"

"என்ன துணி?"

அங்கி என்று நாக்கு நுனிவரை வந்தது. அக்காவுக்கு வாய் நீளம். முதலாளியைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டுப் பேசுகிறவர்.

"ஜீன்ஸ்கா."

"ஜீன்ஸா? அப்புறம் என்ன, தாராளமா ஊத்து! ஜீன்ஸ் எதையும் தாங்கும். வேற துணின்னா மட்டும் கிட்ட கொண்டுபோகாதே, சாயத்தையே தின்னுடும். பாட்டிலை மறக்காம திருப்பிக் கொடுடி, ஒண்ணுதான் இருக்கு."

வேறு துணி பற்றிய எச்சரிக்கை அவள் காதில் விழுந்தது. ஆனால் ஜீன்ஸ் என்று அவளே சொல்லிவிட்டதால், அவளுக்கே பாதி ஜீன்ஸாகத் தோன்றத் தொடங்கியிருந்தது. பஞ்சில் நனைத்துத் தேய்த்தாள்.

பசை போனது! நிஜமாகவே போனது. துள்ளிக் குதித்தாள். பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. அங்கியைப் பார்த்தாள். கறுப்பாக இல்லை. நடுவில் ஒரு பெரிய வட்டம், வதங்கிய கத்திரிக்காய் நிறத்தில். வட்டத்தைச் சுற்றிக் கரையில் மட்டும் பசை, விளிம்பு கட்டியதுபோல மிச்சமிருந்தது.

அழலாமா என்று யோசித்தாள். நேரமில்லை. கோபப்பட நேரமிருந்தது. துணைவேந்தர்மேல் கோபப்பட்டாள். கொடுத்ததுதான் கொடுத்தார், ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருந்தால் என்ன?

மூன்றாவதாக, வரிசையின் கோடியில் இருந்த இஸ்திரிக் கடை. அங்கே போக ஜூஸ் கடையைத் தாண்ட வேண்டும். நொண்டினாள்.

"ஐயையோ, ஏன்மா நடக்கிறே?" என்று ஜூஸ் கடைக்காரர் கத்தினார். "அதோட இந்தக் கால் இல்லையே, அந்தக் கால்தானே?"

"வலி மாறிடுச்சுண்ணே!" என்று சொல்லிவிட்டு, அவசரமாகக் காலை மாற்றி நொண்டினாள்.

இஸ்திரிக் கடை அண்ணன் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். நிதானமானவர். எதையும் இரண்டு தரம் கேட்பார்.

"பசைதானே? துணிமேல பேப்பரை வெச்சு, பெட்டியை நல்லா சூடாக்கி அழுத்திப் பிடிச்சீன்னா மிச்சப் பசை பூரா பேப்பர்ல ஏறிடும். துணி என்ன?"

"பைண்ணே. கேன்வாஸ் பை."

"கேன்வாஸ்தானே? நைலான் கியிலான் இல்லையே?"

"கெட்டிக் கேன்வாஸ்ண்ணே. கல்லு மாதிரி இருக்கும்."

"அப்ப பயமே இல்லை. உச்சத்துல வெச்சு அழுத்து."

உச்சத்தில் வைத்து அழுத்தினாள். பின்னணித் திரைகளின் சுருக்கம் எடுக்க ஸ்டுடியோவில் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி இருந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் வாளியைத் தீயில் போட்ட வாடை. பெட்டியைத் தூக்கினாள். பேப்பர் கூடவே வந்தது. பேப்பரோடு அங்கியும் வந்தது. இழுத்தாள். பேப்பரும் பெட்டியும் ஒரு கட்சியாகச் சேர்ந்துகொள்ள, அங்கி மட்டும் பிரிந்து கீழே விழுந்தது.

கையில் எடுத்து விரித்துப் பார்த்தாள். பசை இல்லை. கறை இல்லை. கத்திரிக்காய் நிறமும் இல்லை. அந்த இடமே இல்லை. இஸ்திரிப் பெட்டி வடிவத்தில், கூர்முனை மேலே பார்க்க, அச்சு அசலாக ஒரு ஓட்டை. அதன் வழியே எதிர்ச்சுவரில் முதலாளி, அங்கி போட்டுக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவர்தான்.

"டிகிரி, அங்கியைக் கை கழுவிட்டுத்தானே எடுத்தே?"

"காலையிலேர்ந்து கழுவிக்கிட்டேதான் இருக்கேன் சார்."

"பத்திரமா இருக்கில்ல?"

"காத்தோட்டமா இருக்கு சார்."

"கசங்கியிருந்தா லேசா இஸ்திரி போடு."

"போட்டாச்சு சார்."

போனை வைக்கவும் வாசல் மணி ஒலிக்கவும் சரியாக இருந்தது.

மூன்று பேர். அப்பா லாரி ஓட்டுகிறவர். முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பித்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு, மூச்சுவிடவே யோசித்தார். அம்மா ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறவர். விசேஷத்துக்கு எடுத்த புதுத் துணியின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கிய பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் டிகிரிக்குப் புரிந்துவிட்டது. இதுவும் நம்ம ஜாதிக் கோபக்காரிதான். யாரையோ அடிக்க வந்ததுபோலவே நின்றாள்.

"போட்டோகிராபர் எங்கம்மா?" என்று கேட்டார் அப்பா.

"நான்தான்."

அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"அப்பா, அவங்கதான்னு சொல்றாங்கல்ல?" என்றாள் மகள்.

டிகிரி அவளை மட்டும் உடை மாற்றும் அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்த் தாழ்ப்பாள் போட்டாள். காலையிலிருந்து சொன்ன மூன்று பொய்க்கும் கிடைத்த கூலி கையில் தொங்கியது. நாலாவது பொய்க்குத் துணி மிச்சமில்லை. அங்கியை விரித்துக் காட்டினாள்.

"என்னது இது?"

"ஓட்டை."

"அது தெரியுது. எப்படி?"

"பசை. நான்தான் கொட்டினேன். எடுக்கப் போய் இப்படி ஆயிடுச்சு. என் முதலாளிகிட்ட நீங்க ஒரு குறை சொன்னா என் கையிலேர்ந்து கேமரா போயிடும். அது உங்க இஷ்டம். ஆனா படம் மட்டும் நல்லா எடுத்துத் தருவேன்."

அந்தப் பெண் ஓட்டைக்குள் கையை விட்டு, விரல்களை ஆட்டிப் பார்த்தாள்.

"விழாவுல எங்களுக்கெல்லாம் அங்கி கொடுத்தாங்க. நான்தான் போகலை. வேலையில லீவு தரலை" என்றாள்.

"எனக்கும்."

"எங்க வீட்டுல நான்தான் முதல் டிகிரி."

"எங்க வீட்டுலயும்."

இரண்டு பேரும் ஓட்டையைப் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. வெளியே அப்பா செருமினார்.

"முன்னாடி ஓட்டைன்னா பின்னாடி போட்டா என்ன?" என்றாள் அந்தப் பெண்.

"என்னது?"

"திருப்பி மாட்டிவிடுங்க. முதுகுப் பக்கம் முழுசாத்தானே இருக்கு? படத்துல முதுகு யாருக்குத் தெரியப்போகுது?"

பிற்பாடு யோசித்துப் பார்த்தால், இதைக் காலையில் பசை பளபளத்தபோதே செய்திருக்கலாம். யோசித்துப் பார்க்கக்கூடாது என்று டிகிரி முடிவு செய்துகொண்டாள்.

அங்கியை முன்பின்னாகத் திருப்பி மாட்டினார்கள். ஓட்டை முதுகுக்குப் போனது. பிளந்து நின்ற பின்பக்கத்தைத் திரைத்துணி மாட்டும் கிளிப்புகளால் வரிசையாகக் கவ்வவிட்டாள். கழுத்தில் சிவப்புப் பட்டை, தலையில் தொப்பி. முன்னாலிருந்து பார்த்தால் ராணி. பின்னாலிருந்து பார்த்தால் துணி காயப்போட்ட கொடி.

"சுவரை ஒட்டியே நடங்க. திரும்பவே கூடாது."

"நீங்க ஏன் நொண்டுறீங்க?"

"பழக்கமாயிடுச்சு."

விளக்குகள் எரிந்தன. டிகிரி கேமராவுக்குப் பின்னால் போனாள். "தோளை இறக்குங்க. யார்மேல கோபமோ அவங்களை நினைச்சுக்கங்க. ம், இப்ப அவங்க முன்னாடி பட்டத்தை நீட்டுங்க." அந்தப் பெண்ணின் கண்ணில் ஒரு மின்னல் வெட்டியது. க்ளிக். அப்பாவோடு ஒன்று. அம்மாவோடு ஒன்று. மூன்று பேருமாக ஒன்று.

"பின்னாடி திரும்பி நின்னு ஒண்ணு எடுத்தா என்ன?" என்றார் அப்பா. "அங்கி அப்படியே விரிஞ்சு விழுமே, அழகா இருக்கும்."

"வேண்டாம்!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் கழுத்துப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அடங்கினார்.

முடிந்தது என்று டிகிரி மூச்சு விட்டபோது, அதுவரை வாயே திறக்காத அம்மா மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா... நானும் ஒரு தடவை அதைப் போட்டுப் பாக்கட்டுமா?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார் அப்பா.

மகள் சட்டென்று அப்பா பக்கம் திரும்பிவிட்டாள். நல்லவேளை, முதுகைப் பார்த்தது டிகிரி மட்டும்தான்.

"உனக்கு எதுக்காவா? நான் பரீட்சைக்கு எந்திரிச்சப்பல்லாம் எனக்கு முன்னாடி எந்திரிச்சது யாரு? நீங்களா? ஊர் பூரா சமைச்சுப் போட்டுட்டு வந்து, நான் படிக்கிறதை உக்காந்து பாத்துக்கிட்டே தூங்குனது யாரு? போடும்மா நீ!"

அப்பா தலையைச் சொறிந்தார். "நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

உடை மாற்றும் அறைக்குள், ஓட்டையைக் கையால் மறைத்தபடியே அம்மாவுக்கு அங்கி மாட்டினார்கள். மகள் அவசரத்தில் பாதிக் கிளிப்பைத்தான் போட்டாள். தொப்பியை வைத்ததும் அந்த அம்மாள் விறைத்துப்போனார். முகம் மூடிய கதவாகிவிட்டது.

"சிரிங்கம்மா."

"வரமாட்டேங்குதே."

"பல்லு தெரிய வேண்டாம், லேசா."

உதடு மட்டும் அசைந்தது. கண் அசையவில்லை. இவ்வளவு தூரம் வந்து இந்தப் படம் நன்றாக வராவிட்டால், அதைவிடப் பசையே தேவலை.

"முதுகுல ஏதோ தொங்குது, இருங்க" என்று அப்பா உதவி செய்யும் ஆசையில் பின்னால் போனார். மகள் தடுப்பதற்குள் போய்விட்டார்.

குனிந்து பார்த்தார்.

பிறகு மெல்ல அவர் குரல் வந்தது. "ஏம்மா, இது என்ன இங்க ஒரு ஜன்னல்?"

டிகிரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆயுசுக்கும் பசை.

"அதானே பாத்தேன்!" என்றார் அந்த அம்மாள். "முதுகு ஜில்லுனு இருக்கு, படிச்சவங்களுக்கு எல்லாம் இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முதலில் மூக்கால். பிறகு தோளால். பிறகு தொப்பி கண்ணை மறைக்க, குஞ்சம் வாய்க்குள் போக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா ஜன்னல் வழியாக ஒரு விரலை நீட்டி அவர் முதுகில் குத்தினார். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டிகிரி கண்ணைத் திறந்தாள். க்ளிக்.

அது எப்படிப்பட்ட படம் என்று எடுத்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் படங்களோடு வெளியே போகவும் முதலாளி கேமராப் பையோடு படியேறவும் சரியாக இருந்தது. லாரிக்கார அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்பச் சந்தோஷங்க! அந்தப் பொண்ணு என்னமா எடுக்குது!"

"குறை ஒண்ணும் இல்லையே?" முதலாளியின் காது விடைத்தது.

"குறையா? எங்க வீட்டம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. இந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு வாசல்லயே மாட்டப்போறேன்." இரண்டு படி இறங்கியவர் திரும்பி, நல்லெண்ணத்தோடு ஒரு வார்த்தை சேர்த்தார். "அந்த ஜன்னலை மட்டும் தச்சு வெச்சுடுங்க. குளிர்காலத்துல சிரமம்."

"எந்த ஜன்னல்?"

அவர் அதற்குள் படி இறங்கிப் போய்விட்டார். முதலாளி உள்ளே வந்தார். கை கழுவாமலே அங்கியை எடுத்தார். விரித்தார். ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது. சுவரிலிருந்த முகம்போல அது சிரிக்கவில்லை.

"டிகிரி..."

"பசை கொட்டிடுச்சு சார். நான்தான் கொட்டினேன். எடுக்கப் பார்த்தேன், இப்படி ஆயிடுச்சு."

"துணைவேந்தர்..." அவருக்குக் கண் கலங்கியது. "என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுக் கொடுத்த அங்கி. அவர் கையெழுத்துப் போட்ட மை இன்னும் காலர்ல இருக்கு. இதை நான் எங்கே போய் வாங்குவேன்? எந்தக் கடையில கிடைக்கும் இது?"

"தப்புதான் சார். ஆனா படத்தைப் பாருங்க. அதுல ஒரு குறை இருந்தா சொல்லுங்க."

"படமா? படிச்ச திமிரு! ஒரு அங்கியோட மரியாதை தெரியாதவளுக்குக் கேமரா எதுக்கு? போ. பசையை எடு, கத்திரியை எடு. இனிமே கேமரா இருக்கிற அறைக்குள்ள உன் நிழல் படக்கூடாது!"

அவள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து, இல்லை, இந்த ஸ்டுடியோவில் கால் வைத்த நாளிலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்து நின்றது. அதற்குள் பின்கதவு படாரென்று திறந்தது. கையுறையும் சாயமுமாகப் பார்லர் அக்கா உள்ளே நுழைந்தார்.

"ஏன்டி, பாட்டிலைத் திருப்பிக் கொடுன்னு சொன்னேனா இல்லையா? கஸ்டமர் விரலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க..."

முதலாளி இரண்டு கையிலும் ஏந்தி, மார்போடு அணைத்திருந்ததைப் பார்த்து அவர் பேச்சு நின்றது. கிட்டே வந்தார். ஓட்டையைப் பார்த்தார். காலரைப் புரட்டிப் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்தார். டிகிரியைப் பார்த்தார்.

"அடிப்பாவி, இதையா ஜீன்ஸுன்னு சொன்னே?" என்றவர், முதலாளியின் தோளைத் தட்டி ஆறுதலாகச் சொன்னார்: "இதுக்குப் போய் கண் கலங்குறீங்களே தம்பி, தலைக்குச் சாயம் அடிக்கும்போது கஸ்டமருக்கு நாங்க மாட்டிவிடுற அங்கிதானே, அன்னிக்கு நீங்க என்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போனது, அதே மாதிரி பின்னாடி கொடியில வரிசையாத் தொங்குது, இந்தத் தடவையாவது காலர்ல சாயம் தெறிக்காததாப் பாத்து ஒண்ணை உருவிக்கங்க!"